அத்தான் மணிக்கட்டின் நிகர அளவு

என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவரிடம் நான் பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டையெல்லாம் கிடையாது. எந்தப் பேச்சை எடுத்தாலும் மனிதர் அதை ஓர் எண்ணில் கொண்டுபோய் முடிப்பார், அதுதான் காரணம். வெயில் தாங்கவில்லை என்றால் எத்தனை டிகிரி என்பார். பஸ் தாமதம் என்றால் எத்தனை நிமிஷம் என்பார். ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது நலம் விசாரிக்க வந்தார். வந்தவர் முதல் காரியமாகத் தன் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, எங்கள் வீட்டுத் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எங்களுடையது கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறதாம். ஆகையால் எனக்கு அவ்வளவு காய்ச்சல் கிடையாதாம். எழுந்து உட்காரச் சொன்னார்.

உத்தியோகம் அப்படி. அவர் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசு பொய் சொல்கிறதா, பெட்ரோல் பங்கில் லிட்டர் லிட்டராக இருக்கிறதா, துணிக்கடை மீட்டர் கோல் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஆள் வெறும் எலும்பும் தோலும். கொடியில் காயும் சட்டைக்கும் அவர் போட்டிருக்கும் சட்டைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் இருபது கிலோ சோதனைக்கல்லைத் தூக்கித் தராசின் மேல் ஒரு சத்தமும் எழாமல் வைப்பார். சத்தம் வந்தால் கல்லுக்கு அடி பட்டது என்று அர்த்தமாம். அடிபட்ட கல் பொய் சொல்லுமாம். அலுவலகத்தில் அவரைப் போலக் கல் வைக்க ஆள் இல்லை என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். கட்டிய புருஷனைப் பற்றிப் பெருமையடிக்க அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான், பாவம்.

வேலை போக அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கைக்கடிகாரம். பத்தொன்பது வைத்திருந்தார். எல்லாமே சின்னது. முப்பத்துநான்கு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் முப்பத்தாறு. துணி பீரோவில் அக்காவுக்கு ஒரு தட்டு, கடிகாரங்களுக்கு இரண்டு தட்டு.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கைக்கடிகார அன்பர் சங்கம் கூடும். ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி அறை. சுவர் முழுக்க 'வலப்பக்கம் திரும்பாதே', 'ஹாரன் அடிக்காதே' என்று படங்கள். உறுப்பினர்கள் பதினொரு பேர், மேஜைகள் இரண்டு. முப்பத்தெட்டு மில்லிமீட்டர் வரை கட்டுகிறவர்களுக்கு ஜன்னலோர மேஜை. அதற்கு மேல் கட்டுகிறவர்களுக்கு மின்விசிறிக்கு அடியில் இருக்கும் மேஜை. ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, இரண்டு மேஜைக்காரர்களும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டார்கள். பெரியவர்களுக்குச் சின்னது பொம்மை. சின்னவர்களுக்குப் பெரியது சாப்பாட்டுத் தட்டு.

சங்கத்தின் முதல் விதி அத்தானே எழுதியது. கடிகாரத்தில் வார் மாட்டுவதற்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்குக் காது என்று பெயர். அந்தக் காது மணிக்கட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே நிற்கக் கூடாது. நின்றால் அந்தக் கடிகாரம் அந்தக் கைக்குத் தகுதியில்லாதது. அறைக்குள் அதைக் கட்டியிருப்பவர் அந்த நிமிஷமே உறுப்பினர் இல்லை. இதைப் பரிசோதிக்க ஒருவர் இருந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர். எப்போதும் சட்டைப் பையில் வெர்னியர் அளவுகோல் இருப்பதால் அவர் பெயரே வெர்னியர் ஆகிவிட்டது. பெரிய மேஜையின் தூண் அவர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். யார் புதுக் கடிகாரம் கட்டிவந்தாலும் கையை வாங்கி, அளவுகோலைக் கவ்வவைத்து, "காது உள்ள" என்றோ "காது வெளிய" என்றோ தீர்ப்புச் சொல்வார். 'வெளிய' என்றால் அந்த ஆளின் முகம் தொங்கிவிடும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இரண்டு மில்லிமீட்டரில் தோற்று, அப்புறம் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை.

அத்தானின் மணிக்கட்டு சுற்றளவு பதினான்கரை சென்டிமீட்டர். சங்கத்திலேயே சிறியது. அங்கே அவரைப் பென்சில் என்று கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு சின்ன மேஜைக்குத் தலைமை தாங்கினார். "கடிகாரம் கையில இருக்கணும், கை கடிகாரத்துல இருக்கக் கூடாது" என்று பேசுவார். அவருக்கு வலது கையாக ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். அத்தான் எது சொன்னாலும் கைதட்டுவார். கண்கூடத் துடைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர்தான் போன வருஷம் ஒரு பழைய இரும்புக் கடையில், எடைமேடையின் முள்ளைத் தள்ளி நின்று பார்க்கலாம் என்று பின்னால் போய், கால் இடறி அந்த மேடை மேலேயே விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்தது. விழுந்து கிடந்தபடியே முள்ளைப் பார்த்திருக்கிறார். ஐம்பத்தொரு கிலோ காட்டியது. தன் எடை ஐம்பத்தொன்று என்பது அவருக்குத் தெரியும். ஆகவே மேடை சரியாக இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவன் நான். இருபது வருஷமாக அதுதான் வேலை. டாக்டர் எலும்பைச் சேர்த்துப் பிடிப்பார், நான் பஞ்சு சுற்றி, மாவுத்துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றி, தடவி வழவழப்பாக்குவேன். அத்தானுக்கும் அப்படியே சுற்றி முடித்தேன். டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். அக்கா வெளியே மருந்து வாங்கப் போயிருந்தாள். அத்தான் வலது கையால் பைக்குள் துழாவி ஓர் அளவு நாடாவை எடுத்தார். நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டைச் சுற்றி அளந்தார்.

"இருபத்தி ரெண்டு," என்றார். குரல் நடுங்கியது.

"வலிக்குதா அத்தான்?"

"மாப்ளே, இன்னும் ரெண்டு சுத்து சுத்தேன்."

"எதுக்கு? இதுவே போதும்."

"இருபத்தி நாலு வேணும் மாப்ளே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பத்து வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கண்ணைப் பார்த்தேன், தண்ணீர் நிறைந்திருந்தது. என்னவோ ஏதோ என்று பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தேன். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது.

அவரிடம் இருபதாவது கடிகாரம் ஒன்று இருந்தது. கடலில் முக்குளிக்கிறவர்கள் கட்டுகிற ரகம். நாற்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், காதுக்குக் காது ஐம்பத்துமூன்று. இருட்டில் பச்சையாக எரியும் எண்கள். சுற்றிலும் கடகடவென்று திரும்பும் வளையம். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கடை ஜன்னலில் பார்த்திருக்கிறார், தலை கால் புரியாமல் ஆகிவிட்டது. வாங்கிவந்து ஒரு காலுறைக்குள் போட்டுக் குளியலறைப் பரணில் ஒளித்துவைத்தார். தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கட்டிப் பார்ப்பார். வளையத்தைத் திருப்புவார். கண்ணாடியில் கையைத் தூக்கிப் பார்ப்பார். அப்புறம் கழற்றிக் காலுறைக்குள் போட்டுவிட்டு, சின்னக் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, பெரிய கடிகாரக்காரர்களைத் திட்டக் கிளம்புவார்.

"அக்கா உங்களுக்கு ரெண்டு வருஷமா மலச்சிக்கல்னு சொல்லிக்கிட்டிருக்கா," என்றேன்.

"தெரியும். மருந்து கூடக் குடுக்குறா. குடிச்சிடுவேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினேன், ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை. "என் கைக்கு அது தகுதியில்ல மாப்ளே. ஆறு மில்லிமீட்டர் வெளிய நிக்குது. நான் எழுதின சட்டம். இந்தக் கட்டு இருக்கிற வரைக்கும் உள்ள நிக்கும்," என்றார்.

நான் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினேன். இருபத்துநான்கு சென்டிமீட்டர் வந்தது. தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கடிகாரத்தோடு நீளமான ரப்பர் வார் ஒன்று வந்திருந்தது. முக்குளிக்கிறவர்கள் தடித்த உடைக்கு மேலே கட்டுவதற்காக. அது மாவுக்கட்டைச் சுற்றி அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்கார்ந்தது. அக்காவிடம் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்று ஒரு பொய். "கையை உடைச்சதுக்கு வாட்ச் குடுக்குறாங்களாடா உங்க ஆஸ்பத்திரியில?" என்று அவள் என்னைக் கேட்டாள். இரண்டு நாளில் குட்டு உடைந்துவிட்டது. கடிகாரத்துக்காக அவள் கோபப்படவில்லை. மலச்சிக்கல் மருந்துக்காகத்தான் பத்து நாள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

முதல் ஞாயிறு வந்தது. அத்தான் மாடியேறிப் போய், அறைக்குள் நுழைந்து, எதுவும் பேசாமல் கையை வெர்னியரிடம் நீட்டினார். வெர்னியர் கடிகாரத்தைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், அளவுகோலை வைத்தார். ஒரு பக்கம் பதிமூன்று மில்லிமீட்டர் இடம் மிச்சம், மறுபக்கமும் பதிமூன்று. பதினாறு வருஷ அனுபவத்தில் அப்படியொரு தாராளமான மணிக்கட்டை அவர் பார்த்ததில்லையாம். "காது உள்ள!" என்று கத்தினார். பெரிய மேஜை எழுந்து நின்றது. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மாவுக்கட்டின் மேல் கையெழுத்துப் போட்டார்கள். பெயர் எழுதவில்லை, அவரவர் கடிகார அளவை எழுதினார்கள். நாற்பத்திரண்டு, நாற்பத்துநான்கு, நாற்பத்துமூன்றரை. மாவுக்கட்டைப் பார்த்தால் செருப்புக்கடை அலமாரி மாதிரி இருந்தது.

பேக்கரிக்காரர் ஜன்னலோரத்தில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தாராம். அதைப் பற்றி அத்தான் என்னிடம் சொன்னபோது குரல் கம்மியது. ஆனாலும் மின்விசிறிக் காற்று நன்றாக இருந்தது என்றார்.

அந்த மாதிரி எலும்பு முறிவுக்கு ஆறு வாரம் கணக்கு. ஆறாவது வாரம் வந்தது, அத்தான் வரவில்லை. தலைவலி என்றார். அடுத்த வாரம் அலுவலகத்தில் கூட்டம். அதற்கடுத்த வாரம் மழை. நான் நேரில் போனால், அவர் பின்பக்கக் கதவு வழியாகக் கம்பி நீட்டியிருந்தார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"உங்க அத்தானுக்குக் கை வேணுமா வேண்டாமா? உள்ள மூட்டு விறைச்சுக்கிட்டிருக்கும். இன்னும் ஒரு மாசம் போனா அந்தக் கையால தண்ணி டம்ளர்கூடத் தூக்க முடியாது. அவர் வேலை கல் தூக்குறதுதானே?"

வேலையும் ஆட்டம் கண்டிருந்தது. கல் தூக்க முடியாத ஆய்வாளரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேலதிகாரி கேட்டுவிட்டார். மாதக் கடைசிக்குள் கை சரியாகவில்லையென்றால் பதிவறைக்கு மாற்றம். பதிவறை என்றால் ஜன்னல் இல்லாத கிடங்கு. பழைய கோப்புகளுக்கு நம்பர் போடுவது வேலை. அக்கா ஒரு வாரம் கெஞ்சினாள், ஒரு வாரம் திட்டினாள். காலையில் அவருக்குப் பொத்தான் போட்டுவிடுவதும், பேண்ட் பெல்ட் மாட்டிவிடுவதும், தலை துவட்டிவிடுவதும் அவள்தான். "ஒரு வாட்சுக்காகக் கையையே வேண்டாங்குறவரை என்னடா பண்றது?" என்று என்னிடம் அழுதாள். இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியது யார் என்று நான் வாய் திறக்கவில்லை. திறக்கும் தைரியம் இல்லை.

அவரைப் பார்த்துக் கேட்டேவிட்டேன். "அத்தான், கல்லா வாட்சா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"அடுத்த கூட்டம் வரைக்கும் மாப்ளே," என்றார். "அப்புறம் கழட்டிடலாம்."

போன கூட்டத்திலும் அதையேதான் சொன்னார்.

அதற்குள் பேக்கரிக்காரர் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்துவிட்டார். மாவுக்கட்டு மணிக்கட்டு ஆகாது, ஆகவே பென்சில் அவர்களின் கடிகாரம் காது வெளியே நிற்பதாகக் கருதப்பட வேண்டும் என்று. சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். முறைப்படி விசாரணை என்று அறிவித்து, நிபுணர் சாட்சியாக என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். என்னத்தை நிபுணர், மாவு குழைக்கிறவன் நான். ஆனாலும் போனேன். கட்டு வெட்டுகிற மின்ரம்பத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். எப்படியாவது அவரை அங்கேயே மடக்கி வெட்டிவிடலாம் என்று என் திட்டம். அக்காவும் வந்தாள். மாடிக்கு வரமாட்டேன் என்று சொல்லி, கீழே டிரைவிங் கற்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை பதினோரு மணிக்குத் தொடங்கியது. தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மாவுக்கட்டு உடம்பா, உடையா?"

"ரெண்டும் இல்லைங்க. அது சிகிச்சை," என்றேன்.

"அப்படி ஒரு பிரிவு விதியில இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வெர்னியர் எழுந்தார். அத்தானைப் பெரிய மேஜை விடுவதாக இல்லை. "முக்குளிக்கிறவன் உடைக்கு மேலதான் வாட்ச் கட்டுறான். அவன்கிட்ட போய் உடையை அவுத்துட்டுக் காட்டுன்னு யாராவது கேக்குறோமா?"

"அவன் தண்ணிக்குள்ள இருக்கான். இவரு ஃபேனுக்குக் கீழ இருக்காரு," என்றார் பேக்கரிக்காரர்.

"உடம்புல ஒட்டியிருக்கிறது உடம்புதான். தலைவரே, நீங்க சொல்லுங்க, பல்லுல நீங்க அடைக்கிற சிமெண்டு பல்லா இல்லையா?"

தலைவர் யோசித்தார். அடைத்த சிமெண்டு பல்தான், ஆனால் கழற்றி மாட்டுகிற பல்செட் பல் இல்லை என்று தீர்ப்பளித்தார். உடனே ஜன்னலோரத்திலிருந்து ஒருவர் பல்செட்டோடு எழுந்து நின்று, அப்படியானால் இத்தனை வருஷம் பிஸ்கட் தின்றது யார் என்று கேட்டார். கால் மணி நேரம் பல்லைப் பற்றியே போனது. அப்புறம் ஒட்டுத்தாடி, அப்புறம் விரல் நகம். வெட்டுவதற்கு முன் நகம் உடம்பா? உள்ளே ஒரு மனிதனின் மூட்டு விறைத்துக்கொண்டிருக்கிறது, இவர்கள் நகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஓட்டெடுப்பு நடந்தது. அத்தான் நீங்கலாகப் பத்துப் பேர். ஐந்துக்கு ஐந்து.

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அளவு பற்றிய தகராறு சமமாக நின்றால், எடையளவுத் துறை உறுப்பினர் சொல்வதே முடிவு என்று இருந்தது. அந்த உறுப்பினர் யார்? அத்தான்தான். அதையும் எழுதியவர் அவர்தான், அச்சடித்தாற்போன்ற அவரது கையெழுத்தில்.

அறையே அவரைப் பார்த்தது. பெரிய மேஜை நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. தனக்கெதிராகத் தானே யார்தான் தீர்ப்புச் சொல்வார்கள்?

பேக்கரிக்காரர் மட்டும் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. "அண்ணே, ஆறு வருஷம் முன்னால என் கடைக்கு வந்தீங்க. கேக்கை அட்டை டப்பாவோட சேத்து எடை போட்டேன்னு கேஸ் எழுதினீங்க. டப்பா பதினெட்டு கிராம். பதினெட்டு கிராம்தானேன்னு நான் கெஞ்சினேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அத்தான் மாவுக்கட்டின் மேல் எழுதியிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"'வாங்குறவன் கேக்குக்குத்தான் வர்றான், டப்பாவுக்கு இல்ல. டப்பாவைக் கழிச்சாத்தான் அது அளவு'ன்னு சொன்னீங்க. அன்னைக்கு இருந்து நான் டப்பாவைக் கழிச்சுத்தாண்ணே போடுறேன். நீங்க சொன்னதுக்காக."

அத்தான் மின்விசிறியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். கடிகாரத்தின் வளையத்தை ஒரு சுற்றுத் திருப்பினார். கடகடவென்று சத்தம் கேட்டது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, ரம்பம் கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு அத்தான்."

"டப்பாவைக் கழிச்சிடு."

பெரிய மேஜை கூச்சல் போட்டது. "பென்சில், யோசிச்சுப் பேசுங்க!" என்று வெர்னியர் அலறினார். அத்தான் கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். நான் சுவரில் பிளக் பாயின்டைத் தேடி ரம்பத்தை மாட்டினேன். அந்த ரம்பம் தோலை வெட்டாது, அதிர்ந்து அதிர்ந்து மாவை மட்டும் பிளக்கும். ஆனால் சத்தம் உயிரை வாங்கும். மற்ற பத்துப் பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்துநான்குக்கும் நடுவே கோடு இழுத்தேன். வெள்ளைத் தூள் பிஸ்கட் மேலெல்லாம் படிந்தது.

கட்டைப் பிளந்து எடுத்தேன். இருபது வருஷமாக எனக்கு இது தெரிந்த சங்கதி, அவர்களுக்குத் தெரியாது. வாரக்கணக்கில் அசையாத கை இளைத்துவிடும். உள்ளே இருந்து வந்தது ஒரு வெளுத்த, தோல் உரிந்த, முடி அடர்ந்த குச்சி. வெர்னியர் அளவுகோலை வைத்தார். நாடாவைச் சுற்றியும் பார்த்தார்.

"பதிமூணு," என்றார். சத்தமே வரவில்லை அவருக்கு. "முன்னாடி இருந்ததைவிட ஒன்றரை கம்மி."

யாரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர் அழுதேவிட்டார். "அண்ணே, நம்ம மேஜைக்கு வந்துடுங்க, ஒரு இருபத்தெட்டு மில்லிமீட்டர்ல என்கிட்ட ஒண்ணு இருக்கு," என்றார்.

அத்தான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு வலது கையால் அந்த நாற்பத்தைந்தை எடுத்தார். ரப்பர் வாரைக் கடைசி ஓட்டை வரை இழுத்து, அதுவும் போதாமல் நுனியை உள்ளே மடித்துச் சொருகி, அந்தக் குச்சி மேல் கட்டினார். இடது கைவிரல்கள் மடங்கவில்லை. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். இரண்டு பக்கமும் காது நீட்டிக்கொண்டு நின்றது. கையைத் தூக்கியதும் கடிகாரம் சரேலென்று உருண்டு உள்ளங்கைப் பக்கம் போனது. அதை மேலே திருப்பிவைத்தார். மறுபடி உருண்டது. மறுபடி திருப்பிவைத்தார்.

"பென்சில், அதைக் கழட்டுங்க," என்றார் தலைவர் மெதுவாக. "விதி இருக்கு."

"தெரியும். நான்தான் எழுதினேன்."

"காது வெளிய," என்றார் வெர்னியர். வழக்கமாகக் கத்துகிறவர், அன்று கெஞ்சுவது மாதிரி சொன்னார்.

"ரெண்டு பக்கமும்," என்றார் அத்தான். விதிப் புத்தகத்தைத் தலைவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டார், கும்பிடும்போதும் அது உருண்டது. அவ்வளவுதான், பதினாறு வருஷச் சங்கம் முடிந்தது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கை பழையபடி ஆக நாலரை மாதம் பிடித்தது. அதுவரை பதிவறையில்தான் இருந்தார். இப்போது மறுபடி கல் தூக்குகிறார், ஆனால் வைக்கும்போது சின்னதாக ஒரு சத்தம் வருகிறது. அவர் அதற்காக வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும், அந்த இரண்டு சுற்றை நினைத்தால்.

அன்று மாடிப்படியில் அவருக்கு முன்னால் நான் இறங்கினேன், விழுந்தால் பிடிப்பதற்கு. ஒவ்வொரு படிக்கும் நின்று கடிகாரத்தை மேலே திருப்பிவைத்துக்கொண்டு வந்தார். முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். பத்து வருஷத்தில் முதல்முறையாக எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது, பிடித்திருந்தது.

கீழே அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். கட்டு இல்லாத கையைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் வந்தது. கிட்டே வந்து பார்த்தாள்.

"வாட்ச் தெரியுது. கை எங்க?"

"உள்ளதான் இருக்கு," என்றார் அத்தான்.

"மேல என்ன சொன்னாங்க?"

"விலக்கிட்டாங்க."

"எதுக்கு? பெருசா இருக்குன்னா?"

"ஆமா. பெருசுதான். நிறையவே பெருசு."

அக்கா அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டாள். கடிகாரம் உருண்டு கீழே போனது, அவளே அதை மேலே திருப்பிவைத்தாள். டிரைவிங் கற்க வந்திருந்த நான்கு பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருந்தா வாங்கின அன்னைக்கே கட்டிக்கிட்டு வெளிய வந்திருக்க வேண்டியதுதானே," என்றாள் அக்கா. "நானா வேண்டாம்னு சொல்லப்போறேன்? அதுக்கு எதுக்குங்க கையை உடைச்சுக்கிட்டு, இத்தனை வாரம் எங்க உயிரை வாங்கி?"

அத்தான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெட்கத்தோடு மறுபடி அவளைப் பார்த்தார்.

"அது எனக்குத் தோணவே இல்லையே," என்றார்.